செலவுக்கு மட்டும் தஞ்சாவூரா?



சென்ற வாரம் எங்கள் பகுதியில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்கு என் கணக்கு நோட்டோடு போயிருந்தேன். நாற்றங்கால், நடவுக் கூலி, உரம், அறுப்பு வண்டி வாடகை என்று ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ வரைக்கும் எழுதிய நோட்டு. மேடையில் இருந்த அதிகாரி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "காரைக்காலுக்குன்னு தனிக் கணக்கு எதுக்கும்மா? தஞ்சாவூர்க் கணக்கே உங்களுக்கும் பொருந்தும்" என்றார். நீட்டிய கையோடு நின்றேன். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எப்படிங்க பொருந்தும்? இந்த வருடம் அறுப்பு நேரத்தில் என் வயலில் ஈரம் காயவில்லை. டயர் வண்டி இறங்கினால் புதையும். செயின் வண்டிதான் வேண்டும், அதற்கு மணி வாடகை கூடுதல். அதுவும் வரப்போரம் சிக்கிக்கொண்டது. மண்ணை வெட்டி அதை மேலே ஏற்றிய நேரத்துக்கும் வாடகை நான்தான் கொடுத்தேன். அரசலாற்றுக் கடைமடையில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் வராவிட்டாலும் செலவு, வந்தது வடியாவிட்டாலும் செலவு.

மத்திய அரசின் சாகுபடிச் செலவுக் கணக்கெடுப்பு 19 மாநிலங்களில் நடக்கிறது. எங்கள் காரைக்கால் சேர்ந்திருக்கும் புதுச்சேரி அதில் இல்லை. 2025-26க்கு ஒரு குவிண்டால் நெல்லின் உற்பத்திச் செலவு 1,579 ரூபாய் என்று வைத்து, அதில் பாதியைக் கூட்டி 2,369 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தார்களே, அந்த 1,579இல் காரைக்கால் வயல் ஒன்றுகூடக் கிடையாது. இதே பருவத்துக்குத் தமிழ்நாடு தன் ஊக்கத்தொகையையும் சேர்த்துச் சாதா ரகத்துக்கு 2,500 ரூபாய் அறிவித்தது. எங்கள் மூட்டையை எல்லை தாண்டிக் கொண்டுபோனால், சிட்டா அடங்கல் புதுச்சேரி என்று திருப்பி அனுப்புவார்கள். விலைக்கு வேறு மாநிலம், செலவுக்கு மட்டும் தஞ்சாவூரா?

சின்ன ஊர் என்பார்கள். இந்தச் சின்ன ஊருக்குத்தான் காவிரி நடுவர் மன்றம் 2007இல் 7 டி.எம்.சி. தண்ணீர் ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. தண்ணீரைத் தனியாக அளக்க முடிந்தவர்களுக்குச் செலவைத் தனியாக எழுத என்ன கஷ்டம்? ஆள் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். இங்கே செருமாவிலங்கையில் 1987இலிருந்து வேளாண் கல்லூரி இருக்கிறது. வேளாண் பொருளாதாரம் அங்கே பாடம். அந்தக் கல்லூரிக்காரர்கள் கொம்யூனுக்குப் பத்து வீடு பிடித்து, நடவிலிருந்து அறுப்பு வரை வாரம் ஒருமுறை வந்து எழுதட்டும். குத்தகைக்காரர்களையும் சேர்க்க வேண்டும். பட்டாவில் பேர் இருப்பவரை மட்டும் கேட்டால் உழுகிறவர் செலவு தெரியாது.

வருடக்கணக்காக வெள்ளச் சேதத்துக்கு வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்கள், ஒரு பருவமாவது முழுதாக உட்கார்ந்து எங்கள் கணக்கைப் பார்த்ததில்லை. யார் வந்து கேட்டாலும் என் வயலையும் நோட்டையும் காட்டத் தயாராக இருக்கிறேன். முதல் வீடாக என் வீட்டையே எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு பெண் விவசாயி,
திருநள்ளாறு கொம்யூன், காரைக்கால்.