கோல்டு ஃபிஷ்ஷுக்கு எதற்குப் பவளப்பாறை?

சென்னை கொளத்தூருக்கு வண்ண மீன் வாங்கப் போகிறவர்கள் மீனைத் தேர்ந்தெடுக்க ரொம்பவே மெனக்கெடுகிறார்கள். வாலைப் பார்க்கிறார்கள், துடுப்பைப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். தொட்டியின் பின்பக்கத்தில் ஒட்டும் படம் மட்டும் கிளம்பும் நேரத்துச் சமாச்சாரம். கடைக்காரர் சுருளை இழுத்து அடிக்கணக்கில் வெட்டிக் கொடுப்பார். பல சுருள்களில் ஒரு பக்கம் பவளப்பாறை, மறுபக்கம் நீர்ச்செடி. பளிச்சென்று இருப்பதால் பவளப்பாறைதான் ஜெயிக்கும்.

கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் எல்லாமே நன்னீர் மீன்கள்; படத்தில் இருப்பதோ கடல். பொருத்தம் போகட்டும், அழகாவது தேறுமா? மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ மீனுக்கு அழகே உடம்பில் ஓடும் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும்தான். அத்தனை வண்ணங்களுக்கு முன்னால் அந்தக் கோடுகள் எடுபடுவதே இல்லை.

மீனுக்குப் பின்னணி தெரியுமா என்று கேட்கலாம். அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரான்சிஸ் சம்னர், தட்டை மீன்களைச் சதுரங்கக் கட்டம் போட்ட தரை உட்படப் பல தரைகளில் விட்டுப் பார்த்தார். தரைக்கு ஏற்ப அவை நிறத்தை மாற்றிக்கொண்டதை 1911இல் வெளியிட்டார். தோல் செல்களுக்குள் இருக்கும் கருநிறத் துகள்கள் பரவினால் மீன் கறுக்கும்; ஓரிடத்தில் குவிந்தால் வெளுக்கும். தொட்டியில் வளரும் பல மீன்களுக்கும் இது உண்டு. வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்த தொட்டியில் மீன் சோகையாகத் தெரிந்தால், விற்றவரைத் திட்டுவதற்கு முன் பின்னால் ஒரு கறுப்பு ஷீட்டை வைத்துப் பார்க்கலாம்.

கண்ணாடி போல மின்னும் தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபைட்டர் மீன் தன் பிம்பத்தையே எதிரி என நினைத்துச் செவுளை விரித்துக்கொண்டு நிற்கும். நமக்கு வேடிக்கை, அதற்கு ஓயாத சண்டை.

பலரும் கோட்டை விடுவது ஒட்டுவதில். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 56 கிலோ. அதை நகர்த்தப் போய்க் கண்ணாடி விரிசல் விடலாம். காலித் தொட்டியிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். நான்கு மூலையில் செலோடேப் போட்டால், நடுவே நிற்கும் காற்றால் படம் மங்கும். மேலிருந்து சொட்டும் தண்ணீர் உள்ளே இறங்கி உப்புக்கறை படியும். பின்கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, கிளிசரினை மெல்லிசாகத் தடவி, ஷீட்டை மேலிருந்து படிய வைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தால் குமிழிகள் போய்விடும். ஓரங்களைத் துடைத்துவிட்டு, மேல் விளிம்பு முழுவதையும் டேப்பால் அடைக்க வேண்டும். சார்ட் பேப்பர் ஈரத்தில் ஊறிவிடும். பிளாஸ்டிக் ஷீட்டே நல்லது.

தொட்டிக்குள் ஒட்டும் நுரைப் பாறைகள் சிறு தொட்டிக்கு வீண். இடத்தை அடைக்கும், சரியாக ஒட்டாவிட்டால் மிதக்கும், இடுக்கில் மீன் மாட்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பவளப்பாறைச் சுருளுக்குப் பக்கத்திலேயே வெறும் கறுப்புச் சுருளையும் தொங்கவிடுங்கள்.