மாடித் தொட்டியில் ஒரு செடி, சட்டத்தில் பத்தாண்டு

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா நகரில் ஒரு வாடகை வீட்டைப் போலீஸார் சோதனையிட்டனர். உள்ளே மின்விளக்கு வெளிச்சத்தில் கஞ்சாச் செடி வளர்க்கப்பட்டது தெரிய வந்தது. கைதானவர்கள் மருத்துவக் கல்லூரி மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்கப் போனவர்களும் அவர்களில் உண்டு. பெட்டிக்கடையில் பொட்டலம் வாங்கிப் பிடிபட்ட வழக்கு அல்ல இது. பூட்டிய அறைக்குள் தோட்டம் போட்ட வழக்கு.

புனேயில் வாழும் தமிழர்கள் இதை அயல் மாநிலச் செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. கட்கியிலும் தேஹு ரோடிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும், ஹிஞ்சவாடி, வாக்கட் பக்கம் நாலு பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களும் இருக்கும் ஊர் இது. கஞ்சா விற்பது குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். தொட்டியில் ஒரு குச்சியை நட்டு வைப்பது அதைவிடப் பெரிய குற்றமாகலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

குச்சி நடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. முருங்கைக்குப் போத்து, கரும்புக்குக் கரணை, மல்லிகைக்குப் பதியன். தாய்ச் செடியின் குணம் மாறாமல் பிள்ளைச் செடி கிடைக்க இதுவே வழி. புனேயின் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் இந்த வித்தையைச் சோதனைக் குழாய்க்குள் கொண்டுபோய், பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் மூங்கிலைக் குழாய்க்குள்ளேயே பூக்க வைத்து 1990ல் உலகின் கவனத்தை ஈர்த்தது. தளேகாவ் பூந்தோட்டங்களின் பசுமைக் குடில்களிலும் விதையை நம்பித் தொழில் நடப்பதில்லை.

கஞ்சாவில் இந்த முறைக்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. பப்பாளியைப் போல அதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதைச் சத்து பெண் பூவின் பிசினில்தான் மிகுதி. விதை போட்டால் ஏறத்தாழப் பாதி ஆணாக முளைக்கும். பெண் செடியின் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் வருவதெல்லாம் பெண். இன்று விமான நிலையங்களில் பிடிபடும் 'ஹைட்ரோபோனிக்' சரக்கு, அதாவது மண்ணின்றிச் சத்துநீரில் வளர்ந்த கஞ்சா, பெரும்பாலும் இப்படிக் கிளை வழியாகப் பெருக்கப்பட்ட செடிகளிலிருந்தே வருகிறது.

பூத்துவிட்ட செடியிலிருந்தும் சிலர் கிளை எடுக்கிறார்கள். முருங்கையிலே பூவும் பிஞ்சுமாக நிற்கும் கொம்பை அனுபவமுள்ள விவசாயி போத்துக்குத் தேர்ந்தெடுக்க மாட்டார். பூவுக்குப் போகும் சத்து வேருக்குக் கிடைக்காது. கஞ்சாவிலும் அப்படியே. வேர் தாமதமாகும், பல குச்சிகள் அழுகிப் போகும். தப்பிப் பிழைத்தவை நீண்ட பகல் வெளிச்சத்தில் பூவை மறந்து மறுபடி இலை விடத் தொடங்கும். முதலில் வரும் இலைகள் ஒற்றை மடலாக, கோணலாக இருக்கும். பகலின் நீளத்தைக் கணக்கிட்டே சில செடிகள் பூக்கின்றன என்பதை அமெரிக்காவின் கார்னர், அல்லார்ட் இருவரும் 1920ல் புகையிலையை வைத்து விளக்கினர். செவ்வந்தித் தோட்டத்தில் இரவில் விளக்கெரிப்பதும் இதே கணக்குதான்.

தாவரத்தின் இந்தப் போக்கு சட்டத்தோடு மோதும் இடம்தான் இங்கே விஷயம்.

1985 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சா என்பதைப் பூவை வைத்தே வரையறுக்கிறது. பூத்த அல்லது காய்த்த நுனியே கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் வடக்கே பாங்கு அரைப்பதற்கு இந்த இடுக்கே வழி. (மகாராஷ்டிரத்தில் பாங்குக்கு 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டக் கட்டுப்பாடு தனியே இருப்பதையும் மறக்கக் கூடாது.) ஆனால் அதே சட்டம் 'கஞ்சாச் செடி' என்பதற்கு வேறு வரையறை வைத்திருக்கிறது. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியானாலும் சரி, பூத்ததா, பூக்காததா, ஆணா, பெண்ணா என்ற கேள்வியே இல்லை. 8ஆவது பிரிவு அதைப் பயிரிடுவதையே தடுக்கிறது.

ஆகவே பூத்த செடியிலிருந்து ஒடித்த கிளை, கையில் இருக்கும் நேரத்தில் பூநுனியாகையால் கஞ்சா. எடையோ சில கிராம். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்தக் கிளையைத் தொட்டியில் ஊன்றி, அது வேர்விட்டு, பூ உதிர்ந்து, வெறும் இலையாக நிற்கும்போது அதில் போதைக்கு உதவுகிற பாகம் ஏறக்குறைய இல்லை. ஆனால் அப்போது அது பயிரிட்ட செடி. 20ஆவது பிரிவின்படி பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். போதை குறையக் குறையத் தண்டனை ஏறுகிறது!

2001ல் சட்டத்தைத் திருத்தியபோது, அளவுக்கேற்ற தண்டனை என்ற நியாயமான கொள்கை வந்தது. வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்ட வணிக அளவு என்று படிகள் போட்டார்கள். பயிரிடுவதற்கு மட்டும் படியே வைக்கவில்லை. மலைச்சரிவில் ஏக்கர் கணக்கில் விதைத்தவரும் சன்னல் ஓரம் ஒரு தொட்டி வைத்தவரும் ஒரே பிரிவில்தான் நிற்க வேண்டும். பத்தாண்டு என்பது உச்ச வரம்பு. குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. ஆதலால் நீதிபதியின் விவேகத்துக்கு இடமுண்டு. ஆனால் அந்த விவேகம் தீர்ப்பு நாளில்தான் உதவும். கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஓடும் காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், நிலத்தில் செடி இருந்தது என்பது மட்டும் போதாது, அது தானாகவும் முளைத்திருக்கலாம், எதிரி அதைப் பயிரிட்டார் என்பதற்குச் சான்று வேண்டும் என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் ஒருவரை விடுவித்தது. 2022 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம், நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சாவாகாது என்ற வரையறையைச் சுட்டிக்காட்டி ஒருவருக்கு ஜாமீன் வழங்கியது. முதல் வாதம் காட்டுச் செடிக்குப் பொருந்தும். விளக்கின் கீழ், சத்துநீரில் நிற்கும் கிளைச் செடி தானாக முளைத்தது என்று யாரும் வாதாட முடியாது. இரண்டாவது வாதம் எடையைக் குறைக்க உதவும். பயிரிட்ட குற்றத்தைத் தொடாது.

இவ்வளவு கடுமை என்றும் இருந்ததில்லை. 1893ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த கேள்வியை ஒட்டி, இந்தியச் சணல் போதைக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1,193 சாட்சிகளை விசாரித்து 1894ல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. புனேக்கு அடுத்த அகமத்நகர் (இன்று அகில்யாநகர்) ஜில்லாவில் அக்காலத்தில் கஞ்சா லைசென்ஸ் பெற்ற பயிர். வங்காளத்தின் நவ்காவ் பகுதியில் ஆண் செடிகளைக் கண்டு பிடுங்குவதற்கென்றே 'போத்தார்' எனப்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்றைய அறைத்தோட்டக்காரர் கிளை வெட்டிச் சாதிப்பதை அவர்கள் கண்ணால் பார்த்துச் சாதித்தார்கள். முழுத் தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது கமிஷனின் முடிவு. பின்னர் 1961ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் 25 ஆண்டு அவகாசம் கொடுத்து வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. அந்தக் கெடு 1989ல் முடிய இருந்த நிலையில்தான் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அவசரமாக வந்தது.

உலகக் காற்று இப்போது நிலையாக ஒரு திசையில் வீசவில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. உத்தராகண்ட் 2018 முதல் போதை மிகக் குறைந்த தொழில்சணலுக்கு லைசென்ஸ் தருகிறது. இமாசலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் அளித்தது. தாய்லாந்து 2022ல் கதவைத் திறந்து, 2025ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பாதி மூடிற்று. இடைப்பட்ட காலத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளிடம் மும்பையிலும் சென்னையிலும் சுங்கத்துறை அடிக்கடி சரக்கைப் பிடித்தது. செய்தியில் 'சட்டபூர்வம்' என்ற சொல்லைப் படித்துவிட்டு, இங்கும் தளர்ந்துவிட்டது என்று எண்ணும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உத்தராகண்ட் லைசென்ஸ் ஹிஞ்சவாடி மாடிக்குச் செல்லாது.

அறையைப் பங்கிட்டு வாழ்பவர்களுக்கு 25ஆவது பிரிவு முக்கியம். வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ, தெரிந்தே இடத்தை இக்குற்றத்துக்குப் பயன்படுத்த விட்டால், குற்றம் செய்தவருக்குரிய தண்டனையே அவருக்கும். 'அவன் வைத்தான், எனக்கு என்ன' என்பது பதிலாகாது. 'தெரியாது' என்பது பதிலாகலாம், ஆனால் ஒரே அறையில் இரவெல்லாம் விளக்கெரியும்போது அதை நம்ப வைப்பது சுலபமல்ல. உடற்சோதனைக்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று போலீஸார் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது 50ஆவது பிரிவு. இது உடலுக்கே, மாடித் தொட்டிக்கு அல்ல.

மத்திய அரசு ஊழியரானால் இன்னொரு அடியும் விழும். காவலில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே, 1965ஆம் ஆண்டு வகைப்பாடு, கட்டுப்பாடு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி, அவர் தற்காலிகப் பணிநீக்கம் ஆனதாகக் கருதப்படுவார். வழக்கு பிறகு பொய்த்தாலும், அதற்குள் பாதிச் சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்ப வேண்டிய மாதங்கள் எத்தனையோ.

பழக்கத்துக்கு அடிமையானவருக்குச் சட்டம் ஒரு கதவு வைத்திருக்கிறது. 64ஏ பிரிவின்படி, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், தாமாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பொட்டலம் வாங்கியவருக்கு அந்தக் கதவு திறக்கும். விற்பவனிடம் போக வேண்டாம், நமக்கு நாமே ஒரு செடி வைத்துக்கொள்வோம் என்று நினைத்து நட்டவருக்கு அது திறப்பதில்லை. பயிரிடுதல் அந்தப் பிரிவுக்குள் வரவே இல்லை.