சங்கத்தில் சேராதவரின் கூலி



கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் வேலைக்குச் செல்லும் நம் சகோதரர்கள் சிலர், தொழிற்சங்கத்தில் சேராதிருப்பதைப் பேணுதலின் அடையாளமாகவே கருதுகின்றனர். "அது செங்கொடிக்காரர்களின் வேலை, நமக்கு எதற்கு?" என்கின்றனர். இப்போது அதற்கு ஒரு புதிய ஆதாரமும் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 'வேலை செய்யும் உரிமைச் சட்டம்' இருக்கிறதாம்; சங்கத்தில் சேருமாறு எவரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்று அது சொல்கிறதாம்.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அச்சட்டம் எவருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. இருக்கும் வேலையைக் காப்பதுமில்லை. 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இடமளித்ததால் இன்று அந்நாட்டின் 26 மாநிலங்களில் அது நடப்பில் உள்ளது. சங்கம் பேசிப் பெற்ற ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கும் தொழிலாளி, அச்சங்கத்துக்குச் சந்தா கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

நம் நாட்டில் சங்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது, அவ்வளவுதான். இங்குள்ள தொல்லை வேறு: சேர விரும்புகிறவரைச் சேர விடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்க அங்கீகாரம் அவர்களின் முதன்மையான கோரிக்கை. அச்சங்கம் பதிவு பெறுவதற்கே 2025 ஜனவரி ஆயிற்று.

நிர்ப்பந்தத்தை நான் ஆதரிக்கவில்லை. 1921-இல் சென்னைப் பெரம்பூரின் பின்னி ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் பணிக்குச் சென்றனர். விளைவாகப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. அம்மோதலில் சாதி இந்துக்களோடு முஸ்லிம்களும் ஒரு தரப்பாக நின்றார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. பசித்தவன் வேலைக்குப் போனதற்காக அவன் கூரையைக் கொளுத்துவது பச்சை அநியாயம். கேரளத்தின் நோக்குக்கூலியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சுமையைத் தொடாமல் பார்த்து நின்றதற்குச் சங்கத்தார் வாங்கிய பணம் அது. அம்மாநில அரசே 2018 மே 1 முதல் அதை ஒழித்தது. பிறர் பொருளை முறைகேடாக உண்பது ஹராம் என்பதற்குப் புதிய ஃபத்வா தேவையில்லை.

ஆனால் நிர்ப்பந்தம் தவறு என்பதால் ஒதுங்கி நிற்பது நற்செயலாகிவிடுமா?

நபித்துவத்துக்கு முன்பு மக்காவில் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள். ஸபீத் ஊர் வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு ஆஸ் இப்னு வாயில் விலையைக் கொடுக்க மறுத்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில கோத்திரத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று ஒப்பந்தம் செய்தனர். அப்து ஷம்ஸ் கோத்திரத்தார் சேரவில்லை. அவர்களை எவரும் நிர்ப்பந்திக்கவுமில்லை. இளைஞராக அதில் பங்கேற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்ற கருத்தில் கூறினார்கள். அங்கே கூடியவர்களில் பலர் இறைநிராகரிப்பாளர்களே. கொடியின் நிறத்தைக் காட்டி விலகும் சகோதரர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

நம் மாவட்டத்தின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். கரிசல் ஊரான ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். அன்று தொழிற்சங்கச் சட்டமே கிடையாது. சில நாள்களில் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்ந்தது. வேறு ஐரோப்பியக் கம்பெனிகளின் தொழிலாளர்களுக்கும் கூலி உயர்ந்தது.

சேராதிருப்பவர் தம்மை நடுநிலையாளர் என்று எண்ணிக்கொள்கிறார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பட்டியலிலுள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கமே தனித்துப் பேசும் தகுதி பெறும். பட்டியலில் சேராதவரும் எண்ணப்படுகிறார் என்பதைக் கவனியுங்கள். 200 பேர் உள்ள ஆலையில் 102 பேர் வேண்டும். 90 பேர் ஒதுங்கி நின்றால், எஞ்சிய 110 பேரிலிருந்து 102 பேரை ஒரே சங்கம் திரட்ட வேண்டும். ஒதுங்கியவர் வாய் திறவாமலே முதலாளியின் தட்டில் எடை வைத்துவிட்டார். மே தினத்தன்று, வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் ஹதீஸை ஆளுக்காள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அக்கூலி எவ்வளவு என்று பேசும் இடத்தில் நம்மவரைக் காணோம். நாள் முழுதும் குச்சி அடைத்துவிட்டு வரும் நம் வீட்டுப் பெண்களுக்காக அங்கே யார் பேசுவது?

செங்கொடி பிடிக்கவில்லையென்றால் அதன் கீழ் நிற்க வேண்டாம். ஏழு பேர் கையொப்பமிட்டுத் தனிச் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆலைத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினரோ, நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் போதும்.