‘பிரின்டர் யாராவது இருக்கீங்களா?’ - வீட்டுக்குள் குரல் கொடுக்கும் போன்!

ராத்திரி பத்து மணி. காலையில் மகளுக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் அம்மாவின் போனில் பி.டி.எஃப்-ஆக இருக்கிறது. பிரின்டரும் ஆனில்தான் இருக்கிறது. ஆனால் ‘பிரின்ட்’ கொடுத்தால், ‘பிரின்டர் எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது போன். ஜெராக்ஸ் கடையும் மூடியாயிற்று. நேற்று வரை தெரிந்த பிரின்டர் இன்று எங்கே போனது?

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, இந்த எண் அவ்வப்போது மாறலாம். அதனால் போன் எண்ணை நம்புவதில்லை. 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, ‘பிரின்டர் யாராவது இருக்கீங்களா?’ என்று குரல் கொடுக்கிறது. பிரின்டர் அதைக் கேட்டு, தன் பெயர், இன்றைய எண், கலர் பிரின்ட் வருமா என்பது வரை பதில் சொல்கிறது. டி.வி-யில் படத்தை ‘காஸ்ட்’ செய்யும்போது, பட்டியலில் டி.வி-யின் பெயர் தானாக வருவதும் இந்த மாதிரி விசாரிப்பால்தான்.

இந்த முறைக்குப் பெயர் ‘எம்.டி.என்.எஸ்’. ஆப்பிள் நிறுவனம் 2002-ல் ‘ராண்டேவூ’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்து, 2005-ல் ‘பான்ஜூர்’ என்று பெயர் மாற்றியது. 2013-ல் இது இணையத்தின் பொதுத் தரநிலையாக வெளியானது. ஆண்ட்ராய்டு போன்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

ஒரு விஷயம் முக்கியம். இந்தக் குரல் ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும். எனவே, பிரின்டர் தெரியவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள்:

* போன் மொபைல் டேட்டாவில் இருக்கிறதா? பிரின்டர் இருக்கும் அதே வைஃபைக்கு மாற்றுங்கள்.

* ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா? அங்கிருந்து பெரும்பாலும் வீட்டுக் கருவிகள் தெரியாது.

* வி.பி.என் ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

* ஐபோனில் பிரின்டர் கம்பெனியின் ஆப் பயன்படுத்துபவர்கள், செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதிக்குள் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

* எதுவும் சரிவரவில்லையா? முதலில் ரவுட்டரை, பிறகு பிரின்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அவசரம் என்றால், சில போன்களில் யு.எஸ்.பி கேபிள் மூலமும் பிரின்ட் எடுக்கலாம். அதற்கு வைஃபையே வேண்டாம்.

அந்த அம்மாவின் போன், விருந்தாளிகளுக்காக முந்தின நாள் போட்ட ‘கெஸ்ட்’ வைஃபையிலேயே நின்றிருந்தது. மாற்றிய சில நொடிகளில் ஹால் டிக்கெட் கைக்கு வந்துவிட்டது.

அதற்காக ‘கெஸ்ட்’ வைஃபையை எடுத்துவிட வேண்டாம். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் கேட்டாலும் பிரின்டரும் டி.வி-யும் இப்படித்தான் பதில் சொல்லும். வந்துபோகிறவர்களுக்கு ‘கெஸ்ட்’ வைஃபை, வீட்டு போன்களுக்கு வீட்டு வைஃபை என்று பிரித்து வைப்பதே நல்லது. பரீட்சைக்கு முந்தின நாள் அல்ல, இன்றைக்கே ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள்!