பிழைத்து வந்த தொழிலாளியைத் தெருவில் விடுவதா?

மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்தால் பலர் பிழைப்பதில்லை. பிழைத்துச் சேரப்பணஞ்சேரிக்குத் திரும்பும் ஒரகடம் ஆலைத் தொழிலாளிக்குக் காத்திருப்பது என்ன? காயம் ஆறினாலும் களைப்பும் மறதியும் மாதக்கணக்கில் நிற்கும். “இனி உதவமாட்டார்” என்று கணக்குத் தீர்க்கப் பார்ப்பார்கள் முதலாளிகள்.

சட்டம் யார் பக்கம்? 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் தகுந்த வேறு வேலை தரவேண்டும் என்கிறது. ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே! தனியார் ஆலையிலோ, தொடர்ந்த நோயைக் காட்டி நீக்கினால் அது ஆட்குறைப்பே அல்ல என்றது பழைய தொழில் தகராறுச் சட்டம். அதற்குரிய நஷ்டஈடும் அச்சட்டத்தில் கிடையாது.  அரசு ஊழியரின் மூளை வேறு, ஆலைத் தொழிலாளியின் மூளை வேறா?

20-வது பிரிவின் பாதுகாப்பைத் தனியார் ஆலைகளுக்கும் விரிவாக்கு! இரவு ஷிப்டு இல்லாத இலகுவான வேலை கொடு! இதுவே நமது கோரிக்கை.

தோழர்களே! சட்டம் திருந்தும்வரை அவரைத் தனியே விடலாகாது. ஷிப்டு முடிந்ததும் அவர் வீட்டுக்குச் செல்வோம். கடைக்குப் போவது, சந்தாக் கணக்கு எழுதுவது என அன்றாட வேலைகளை அவரே செய்யட்டும்; செய்யச் செய்யத்தான் கை பழகும். கூட்டத்திற்கும் அழைத்து வருவோம். அவருக்குத் தேவை அனுதாபம் அல்ல, நம்மோடு சரிசமமான இடம்!