மறைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்பேன்

தனியுரிமை பற்றி வகுப்பில் பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர், “நான் தப்பு எதுவும் செய்யவில்லையே, அரசாங்கம் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்” என்பார். அண்மையில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் என் நண்பர் அதையே சொன்னபோது எனக்கு டிரேஸ்டுகெதர் கருவிதான் நினைவுக்கு வந்தது.

கொவிட்-19 காலத்தில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். என் பாட்டி அந்தக் கருவியை மறந்துவிட்டால், ஈரச்சந்தைக்குப் போகும் வழியில் பாதியிலேயே வீடு திரும்புவார். அது ஜிபிஎஸ் கருவி அல்ல. புளூடூத் மூலம் யார் அருகில் இருந்தோம் என்பதை மட்டும் பதிவுசெய்யும். 25 நாள்களில் அந்தப் பதிவு தானாக அழிந்துவிடும். தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே தரவு பயன்படும் என்று 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் கூறியிருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் 70 விழுக்காட்டுக்கும் அதிகமான குடியிருப்பாளர்கள் அதில் சேர்ந்துவிட்டனர்.

2021 ஜனவரி 4ஆம் தேதி, நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா எழுப்பிய கேள்விக்குப் பதிலளித்த உள்துறை துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்றார். மறுநாள், ஒரு கொலை வழக்கில் அது ஏற்கெனவே கோரப்பட்டிருந்தது தெரியவந்தது. முன்பு உறுதியளித்தபோது அந்தச் சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று டாக்டர் விவியன் ஒப்புக்கொண்டார்.

கொலை வழக்கு விசாரணைக்குத் தரவைக் கோரியதில் எனக்கு வருத்தமில்லை. சட்டமும் புதிதாக முளைத்ததல்ல, முன்பே இருந்ததுதான். கருவியை வாங்கிக்கொண்ட லட்சக்கணக்கானோரிடம் அது சொல்லப்படவில்லை என்பதுதான் என் குறை. தரவைக் கொடுத்தவர் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்தார். வேறு நோக்கம் சேருமானால் அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அரசாங்கம் விரைந்து செயல்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். 2021 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே காவல்துறை அத்தரவைப் பெறலாம் என்று அது வரையறுத்தது. மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க அது வழிவகுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால், கருவி கைக்கு வருவதற்கு முன் வந்திருக்க வேண்டிய சட்டம்.

தவிர, அந்த வரம்பு கொவிட் காலத் தடமறிதல் தரவுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கடைகளும் நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2018ல் தனிச் சட்டம் வந்தது என்றாலும், நம்மில் எத்தனை பேர் அதன் பெயரையாவது கேட்டிருப்போம்? நானே இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் அறிந்தேன். நாளை வேறொரு செயலி வந்தால் அதன் தரவு எதற்கு, யாருக்கு, எத்தனை நாளுக்கு என்பது தொடக்கத்திலேயே சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறேன்.

நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “கொலைகாரனைப் பிடிக்கத்தானே?” என்கிறார். பிடிக்கட்டும். கருவியைக் கொடுத்த அன்றே அதைச் சொல்லியிருந்தாலும், பாட்டி அதை எடுத்துக்கொண்டுதான் ஈரச்சந்தைக்குப் போயிருப்பார்.