ஊருக்கு ஐந்து முதலுதவியாளர் வேண்டும்

சாத்தூர் வட்டாரத்தில் மானாவாரிக் கரிசலை மட்டும் நம்பிக் குடித்தனம் நடத்துவது கடினம். மக்காச்சோளம், பருத்தி, உளுந்து வீடு வந்து சேர்ந்தபின், பல சிறு விவசாயக் குடும்பங்களில் ஒருவராவது பட்டாசு ஆலைக்குச் செல்கிறார். ஆகவே ஆலை விபத்து விவசாயியின் வீட்டு விபத்தும் ஆகும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர்; புகையைக் கண்டு பார்க்கவும் உதவவும் ஓடி வந்த அக்கம்பக்கத்தார். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியாயினர். ஓடிச் சென்று உதவும் மனம் நம் மக்களுக்கு உண்டு. இல்லாதது பயிற்சியே.

இக்குறையைப் போக்க வல்லது செஞ்சிலுவைச் சங்கம். போர்க்களத்திற்கும் புயல் நிவாரணத்திற்கும் மட்டுமே உரியது என்று அதை எண்ணுவது சரியன்று. 1859இல் இத்தாலியின் சோல்பரினோ போரில் காயமுற்றோரை, எந்த நாட்டுச் சிப்பாய் என்று பாராமல் பேணியவர்கள் அருகிலிருந்த ஊர்ப் பெண்களே. அவர்களுடன் தொண்டு செய்த ஹென்றி டுனான்டின் முயற்சியால் 1863இல் ஜெனீவாவில் இவ்வியக்கம் உருவாயிற்று. இந்தியச் சங்கம் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. மாவட்டக் கிளைக்கு ஆட்சியரே தலைவர்.

விபத்துக்குப் பின் வரும் நிவாரணம் தேவைதான். ஆனால் உயிரைக் காப்பது முதல் அரைமணி நேரம். அப்போது அருகில் இருப்பவர் ஊரார் மட்டுமே. ஆகவே ஊருக்கு ஐந்து பேராவது, பெண்கள் உட்பட, முதலுதவிப் பயிற்சி பெற்றிருத்தல் அவசியம்.

அவர்கள் கற்க வேண்டியவை எளியவை. வெடிப்பு முற்றிலும் அடங்கித் தீயணைப்புத் துறையினர் அனுமதிக்கும் வரை எவரும் ஆலையை நெருங்கக் கூடாது; கூட்டத்தையும் தடுக்க வேண்டும். உடனே 108க்குச் சொல்ல வேண்டும். வெளியே வந்தவரின் தீக்காயத்தில் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும். ஐஸ் கட்டி வைக்கலாகாது. மை, மண், எண்ணெய், பற்பசை எதையும் பூசலாகாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பாம்புக்கடிக்கும் பூச்சிமருந்து நச்சுக்கும் இப்பயிற்சி வயலிலேயே கைகொடுக்கும்.

ஒரு நாள் கூலி போய்விடுமே என்பது நியாயமான கவலை. அக்கூலியை ஆலை உரிமையாளர்கள் ஏற்பதே முறை. தம் தொழிலாளரைக் காக்கும் செலவு அவர்களுடையதே.

நிலம் ஓய்ந்து கிடக்கும் கோடையில், மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. பயிற்சி முகாம் கேட்டு அங்கே தீர்மானம் நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்பலாம். சங்கம் தானாக வரும் என்று காத்திராமல், விவசாயப் பெருமக்களே அதைத் தம் ஊருக்கு அழைத்துக்கொள்வது நலம்.